அரை மயக்கமா, முழு மயக்கமா?

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு என் இதயத்துக்குள் கம்பி விட்டுச் சூடு வைத்தார்கள். அதற்கு முன், "முழு மயக்கம் கொடுக்கட்டுமா, அரை மயக்கம் போதுமா?" என்று மருத்துவர் கேட்டார். அரை மயக்கமே போதும் என்றேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்திலிருந்து மேற்பார்வை பார்க்கலாம் என்றுதான்.

நாங்கள் திண்டிவனத்துக்காரர்கள். வீட்டில் கொத்தனார் வேலை நடந்தால் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அந்தக் கல்லு கொஞ்சம் வெளிய வந்தாப்ல கீதே" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் குடும்ப வழக்கம். சிமெண்டுக் கலவையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஆள் நிற்காமல் வேலை நடக்க விடமாட்டோம். என் இதயத்திலேயே வேலை நடக்கும்போது நான் பாட்டுக்குத் தூங்கிவிட்டால் எப்படி?

இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் நோய் எனக்கு. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தக்குழாய்களின் வாயிலிருந்து வேண்டாத மின்துடிப்புகள் கிளம்பி வந்து குழப்பிவிடுகின்றன. தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை ஏற்றி, அந்த வாய்களைச் சுற்றி வட்டமாகச் சுட்டுத் தழும்பாக்கிவிட்டால், தழும்பைத் தாண்டி மின்துடிப்பு வராது. ஆடு நுழையாமல் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலைக் காட்டை, சுற்றி வேலி அடைப்பது போல.

மேற்பார்வை நடந்த லட்சணம் இது. ஊசி ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் நான் பதவி விலகிவிட்டேன். கண் பாதி திறந்திருந்ததாம், வாய் முழுதாகத் திறந்திருந்ததாம். வேலை முடியும்வரை தமிழில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெளியே காத்திருந்த என் மனைவி கலாவிடம் வெள்ளைக்கார நர்ஸ் வந்து, "எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனால் பொங்கல், பொங்கல் என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் மகளா?" என்று கேட்டிருக்கிறார்.

கலா என்னிடம் கேட்டாள். "இன்னாங்க அது பொங்கலு?"

"பசி" என்றேன். "ஒண்ணும் சாப்பிடாம படுக்க வெச்சாங்க இல்ல. வெண்பொங்கல் ஞாபகம் வந்திருக்கும்."

நம்பிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தும் நம்புகிறாள் என்றால் அது அவள் பெருந்தன்மை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் வெண்பொங்கல். ஆசைப்பட்ட மனுஷன் என்று நெய்யைத் தாராளமாக ஊற்றுகிறாள். இதய நோயாளிக்கு நெய் மிதக்கும் பொங்கல். இரண்டு வருடமாகப் பொய்க்குத் தண்டனையாக அதைத் தின்றுகொண்டிருக்கிறேன், மிளகைக்கூட ஒதுக்காமல்.

நான் உளறியது வெறும் பொங்கல் அல்ல. மயக்கம் தெளியும் அறைக்கு முதலில் வந்தவள் என் மகள் யாழினி. அவள் காதில் வாக்கியம் முழுசாக விழுந்துவிட்டது. "அப்பா, பொங்கலுக்கு வர்றேன்ப்பா." அவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் அப்போது கேட்கவில்லை.

2

வேலியில் ஓட்டை விழுந்துவிட்டது. போன கோடையில் மறுபடி தாளம் தப்பியது. சுட்ட தழும்பு ஆறும்போது சில இடங்களில் இடைவெளி விட்டிருக்கிறது, இன்னொரு முறை சுட வேண்டும், பலருக்கும் நடப்பதுதான் என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார்.

இந்த ஊரில் எல்லாம் கடிதத்தில்தான் வரும். நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம். விரைவில் ஒரு கடிதம் வரும் என்று ஒரு கடிதம். பிறகு அந்தக் கடிதம். அதில் என்னென்ன செய்யக்கூடாது என்று இரண்டு பக்கம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. முடிந்தபின் கார் ஓட்டக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கே ஒரு பொறுப்புள்ள பெரியவர் தேவை என்பதை அரசாங்கமே கண்டுபிடித்துவிட்டது என்று கலாவிடம் சொன்னேன். "அது எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்" என்றாள்.

நாள் குறித்திருந்தார்கள். நாள்காட்டியில் பார்த்தேன். சரியாகப் பொங்கலன்று.

கடிதத்தின் உறையில் "மிஸ்டர் கோவிந்தன்" என்று இருந்தது. என் பெயர் ஏழுமலை. கோவிந்தன் என் அப்பா. கடவுச்சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டதால் இந்த நாட்டில் எனக்கு அவர் பெயர்தான். வங்கியிலும் பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அப்போதெல்லாம் சிரிப்பாக இருந்தது. இதயப் பிரிவில் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் கதவைத் திறந்து "மிஸ்டர் கோவிந்தன்" என்று கூப்பிடும்போது மட்டும் ஒரு கணம் பக்கத்து நாற்காலியைப் பார்க்கத் தோன்றுகிறது. அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து போவது நான்.

கடிதத்தோடு படிவமும் வந்தது. முதல் தடவையும் இதே படிவம்தான். "உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இதயத் துடிப்புக் கோளாறு உண்டா?" அப்போது "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இந்த முறை பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். என் கையால் நான் போட்ட பிழை அந்தக் கட்டத்தில் இரண்டு வருடமாக இருக்கிறது.

3

செல்வம் என் தம்பி. என்னைவிட ஐந்து வயது சின்னவன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. நான் பேசுவது ஞாயிற்றுக்கிழமைதான். அவன் கை நிறைய எப்போதும் கிரீஸ். அதனால் போனைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றடிக்கும் கம்ப்ரஸர் மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவான். எங்கள் குடும்ப விஷயங்கள் அந்தச் சாலையில் போகும் பாதி லாரிகளுக்குத் தெரியும்.

"மறுபடி சுடணுமாம்டா" என்றேன்.

"ஏண்ணா, ஒட்டுன எடம் உட்டுக்கிச்சா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சரியா தேய்க்காத ஒட்டியிருப்பாங்க. தேய்ச்சி சுத்தம் பண்ணாத ஒட்டுனா நிக்காதுண்ணா. டியூப்ப தண்ணியில முக்கிப் பாத்தாங்களா?"

"அதே மாதிரிதான். உள்ள போய் ஒவ்வொரு எடமா கம்பியால தொட்டுப் பாப்பாங்களாம், எங்க கரண்டு ஒழுகுதுன்னு."

"அப்போ வேல தெரிஞ்ச ஆளுங்கதான்."

இதய நோய் பற்றி எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதுதான் தெளிவானது. பின்னால் யாரோ ஒரு லாரிக்காரர், "உங்கண்ணன டியூப்லெஸ்ஸா மாத்திக்கச் சொல்லுப்பா, பேஜாரே இல்ல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் அவரைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. என் இதயத்தைப் பற்றி அவருக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

"ஊசி எப்படிண்ணா? போன தபா மாதிரியேவா?" என்று செல்வம் கேட்டான்.

"அதான் யோசிக்கறேன். பாதி மயக்கம்னா சீக்கிரம் வீட்டுக்கு வந்துடலாம். ஆனா சுடும்போது நெஞ்சுல கொஞ்சம் எரியும், அசையக் கூடாது. முழு மயக்கம்னா ஒண்ணும் தெரியாது. தொண்டையில குழா போடுவாங்க."

"நீ முழுசாவே தூங்கிடுண்ணா. நீ முழிச்சிக்கினு இருந்தா அந்த டாக்டருக்கு வேல ஓடாது."

என்னை அறிந்தவன். அப்போதும் அவனிடம் சொல்ல வாய் வரை வந்தது. லாரிக்காரர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் ஒரு லாரிக்காரர் கிடைத்துவிடுவார்.

4

அப்பா விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் எடை போடுபவராக இருந்தார். முப்பது வருடம் திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் மல்லாட்டை மூட்டைகளைத் தராசில் ஏற்றி இறக்கினார். மூட்டைக்குள் கையை விட்டு நாலு காயை எடுத்துக் காதருகே குலுக்கியே, ஈரமா காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அவரிடம் வாதம் செய்ய மாட்டார்கள். ஓய்வுபெற்று, அம்மாவும் போனபிறகு, தினமும் செல்வத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கடைக்கு வந்துவிடுவார். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாரி டயர், அதன்மேல் ஒரு பலகை. அதுதான் அவர் இடம்.

பத்து வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். "நெஞ்சுல தவக்கள குதிக்கிறாப்ல கீதுடா ஏழுமல. நாலு குதி குதிச்சிட்டு கம்முனு குந்திக்குது. அப்பறம் மறுபடி குதிக்குது."

நான் உடனே சொன்னேன். "ஏரி வத்திப்போச்சு இல்லப்பா, எடம் தேடி வந்திருக்கும். வாடக கேளு."

கடையே சிரித்தது. செல்வம் சிரித்தான், யாரோ ஒரு கிளீனர் சிரித்தான், அப்பாவும் சிரித்தார். "குடுக்கறாப்ல தெரியலடா" என்றார். நான் நல்ல பிள்ளை, தூரத்திலிருந்தும் அப்பாவைச் சிரிக்கவைக்கிறேன் என்ற திருப்தியோடு போனை வைத்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை செல்வத்திடமிருந்து மிஸ்டு கால். செவ்வாய்க்கிழமை அவன் கூப்பிடுவது வழக்கமில்லை. அலுவலகத்தில் தேநீர் இடைவேளையில் திருப்பிக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அப்பாவுக்கு அந்தப் படபடப்பு வந்துக்கினே கீது. நேத்து ரெண்டு தபா கண்ண இருட்டிக்கினு வந்துச்சாம். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி காட்டட்டா?"

நான் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன். மறக்க முயன்று தோற்றுப்போனதால் வரிசை தப்பாமல் நினைவிருக்கிறது.

"அவசரப்படாதடா. பொங்கலுக்கு வர்றேன். நானே மெட்ராஸ்ல நல்ல டாக்டரா பாத்து எல்லா டெஸ்ட்டும் எடுத்துடறேன். நீ அங்க இங்க கூட்டிக்கினு போயி அலைய வெக்காத. வயசானவங்க இல்ல, யாராவது கவனிக்கணும்னு எதனா சொல்லிக்கினுதான் இருப்பாங்க. பெருசு பண்ணாத."

பின்னால் ஒரு லாரி ஹாரன் கேட்டது. பிறகு செல்வம் "செரிண்ணா" என்றான்.

அடுத்த ஞாயிறு நானாகவே கேட்டேன், "தவக்கள எப்படிப்பா இருக்குது?"

"அது போயிடுச்சுடா" என்றார் அப்பா. "மழ பேஞ்சி ஏரியில தண்ணி வந்துட்டுது இல்ல."

பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதன்பின் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பொங்கலுக்கு நான் போகவில்லை. காரணம் கேட்டால் காறித் துப்புவீர்கள். சமையலறைக்குப் புதிய அலமாரி மாட்ட ஆட்கள் வருவதாக இருந்தது. தேதி அந்த வாரத்தில் விழுந்தது. அவர்களை மேற்பார்வை இல்லாமல் விட்டுவிட்டுப் போவதா? பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டேன். "வேலயப் பாருடா, இங்க ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் அப்பா. நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் மேற்பார்வை பார்த்தும், அந்த அலமாரியின் வலது கதவு இன்றுவரை ஒழுங்காகச் சாத்துவதில்லை.

மாசி மாதம் கடையில் பலகையிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது புதுச்சேரியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான்கு மாதம் முன்பு செல்வம் கேட்டானே, அதே ஆஸ்பத்திரி.

மண்டகப்பட்டிலிருந்து வந்திருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், வராந்தாவில் எல்லோர் முன்னாலும் செல்வத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துலயே குந்தவெச்சிக்கினு பஞ்சரு ஒட்டிக்கினு இருந்தியேடா. பெத்தவன் கண்ண இருட்டுதுன்னு சொல்லியும் ஒரு ஊசி போட கூட்டிக்கினு போவத் தெரியல உனுக்கு. அவன் பாரு, அத்தினி தூரத்துலேர்ந்து ஜல்தியா ஓடியாந்து நிக்கறான்."

ஓடி வந்து நின்றவன் நான். ஒரு வார்த்தை போதும். "மாமா, நான்தான் வேணாம்னேன்." ஐந்து நொடி வேலை. செல்வம் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். நான் போனை எடுத்து, வராத செய்தியைப் படித்தேன். அவன் குனிந்து நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மாமா சொன்னதை அத்தைகள் சொன்னார்கள், அத்தைகள் சொன்னதைத் தெரு சொன்னது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் செல்வம் அப்பாவைப் பார்க்காமல் விட்ட பிள்ளை. நான் ஓடிவந்த பிள்ளை.

நான்கு வருடம் அப்பா படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டியதும் புரட்டிப் போட்டதும் கஞ்சி ஊட்டியதும் செல்வமும் அவன் மனைவியும். நான் இங்கிருந்தே ஒரு காற்று மெத்தையை இணையத்தில் வாங்கி அனுப்பினேன். மூன்றாவது மாதம் அதில் காற்று இறங்கியது. செல்வம்தான் பஞ்சர் ஒட்டினான்.

தவக்களை என்னிடம் வந்தது அதற்கப்புறம். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு குதி, பிறகு கம்மென்று ஒரு நிறுத்தம், மறுபடி குதி. அப்பா சொன்னது எவ்வளவு துல்லியம் என்று அன்றுதான் தெரிந்தது. மூட்டையை எடை போட்டவர் அல்லவா. மருத்துவமனைப் படிவத்தில் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டு, பட்டாம்பூச்சி, முரசு, துள்ளும் மீன் என்று கட்டங்கள் கொடுத்திருந்தார்கள். தவக்களைக்குக் கட்டம் இல்லை. பட்டாம்பூச்சியில் டிக் அடித்தேன்.

மருத்துவர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைத் திறந்து காட்டினார். மேலறை ஒழுங்காகச் சுருங்காவிட்டால் இந்த மூலையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை என்றார். தினம் ஒரு சின்ன மாத்திரை. என் அப்பாவுக்கு என்ன நடந்தது என்பதை, தனக்கே தெரியாமல், எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அதன்பிறகுதான் குடும்பத்தில் எவருக்கேனும் உண்டா என்ற கட்டம் வந்தது. "உண்டு" என்று எழுதினால் "என்ன சிகிச்சை?" என்று அடுத்த கேள்வி வரும். "இல்லை" என்றேன்.

5

போன வியாழக்கிழமை முன்பரிசோதனைக்குப் போனேன். விடுமுறைக்கு வந்திருந்த யாழினி காரோட்டினாள். "மிஸ்டர் கோவிந்தன்" என்று கூப்பிட்ட நர்ஸ் என்னைப் பார்த்ததும், "நீங்கள் தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு ஒரே சந்தோஷம். ஆங்கிலத்தில் பயப்படுவது எனக்கு இன்னும் சரளமாக வராது.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அண்டைக்கு நானும் உள்ளுக்க நிப்பன். அரை மயக்கத்தில எல்லாரும் கதைக்கிறதுதான். மற்ற ஆக்களுக்கு விளங்காது, எனக்கு விளங்கும்தானே. தமிழிலயே கதையுங்கோ."

சந்தோஷம் அங்கேயே தீர்ந்தது. போன தடவை என் ரகசியத்தைக் காப்பாற்றியது வெள்ளைக்காரர்களின் அறியாமை. இந்தத் தடவை வாக்கியம் வாக்கியமாகக் கேட்க ஆள் போட்டுவிட்டார்கள்.

அவர் கணினியில் என் பழைய படிவத்தைப் பார்த்தார். "குடும்பத்தில ஆருக்கும் இல்லையெண்டு போட்டிருக்கிறியள். அப்பா இருக்கிறாரோ?"

"இல்லம்மா. பாரிசவாயு வந்து நாலு வருஷம் படுக்கையில இருந்தார்."

"அதுக்கு முன்னம் நெஞ்சு படபடப்பு ஏதும்?"

"இருந்துச்சு" என்றேன். தட்டச்சு செய்தார். ஒரு பிழை திருத்தப்பட்டது.

"வைத்தியரிட்ட காட்டேல்லையோ?"

"அங்கெல்லாம் அப்போ வசதி கம்மிம்மா."

"பாவம்" என்றார். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்த ஊரை, மொத்த விழுப்புரம் மாவட்டத்தையும், ஒரே வாக்கியத்தில் காட்டாக்கிவிட்டேன். ஒரு பொய்யைத் திருத்த உட்கார்ந்து இன்னொன்றைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அடுத்த அறையில் மயக்க மருந்து மருத்துவர். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தைச் சாய்க்கச் சொன்னார், குறட்டை விடுவேனா என்று கேட்டார். "பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்" என்றேன். பொறுமையாக விளக்கினார். அரை மயக்கத்தில் நானே மூச்சு விடுவேன், சீக்கிரம் தெளிந்துவிடும். ஆனால் குறட்டைக்காரருக்கு மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளலாம், வலியில் அசைந்தால் வேலை கெடும். முழு மயக்கத்தில் இயந்திரம் மூச்சு விடும், உடம்பு அசையாது, நீண்ட நேரம் வேலை செய்ய அவர்களுக்கு வசதி. தொண்டை ஓரிரு நாள் வலிக்கும், குமட்டல் வரலாம், அரிதாகப் பெரிய சிக்கல்களும் உண்டு. எனக்கு இரண்டுமே செய்யலாம், விருப்பம் என்னுடையது என்றார்.

"எதில் பேச முடியாது?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தொண்டையில் குழாய் இருக்கும்போது யாராலும் பேச முடியாது."

"அதுவே கொடுங்கள்."

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது யாழினி கேட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு மொழி ஒப்பந்தம் அது. உறவுமுறைகளை மட்டும் தமிழில் சொல்வாள். போன தடவை நான் தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தேனே, எந்தப் பொங்கல் அது என்றாள். அவள் தாத்தாவை நல்ல உடம்போடு பார்த்தது இரண்டே தடவை.

சொன்னேன். தவக்களை, செவ்வாய்க்கிழமை, மாமா, எல்லாம். விளக்கு பச்சையானதுகூடத் தெரியாமல் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அலமாரி என்று சொன்னபோது மட்டும் திரும்பி, "அந்த மூடாத கதவா?" என்றாள். அதுதான் என்றேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகு கேட்டாள், இதைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று. இல்லை என்றேன்.

"அப்படியானால் ஒரு போன் பேசாமல் இருப்பதற்காக, தொண்டையில் குழாய் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள்."

இவளை என்னிடமிருந்து விலகிப்போகும் பிள்ளை என்று நான் நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பாள் என்று தெரிந்திருந்தால் புலம்பியிருக்க மாட்டேன்.

6

முழு மயக்கத்தை நான் மாற்றப்போவதில்லை. குறட்டைக்கு அதுதான் நல்லது என்று மருத்துவரும் எழுதிவிட்டார். ஆனால் வாயை அடைக்க அது வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும் என்று தோன்றியது. இன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மதியம், அவனுக்குச் சாயங்காலம். கலா கடைக்குப் போயிருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். செல்வத்துக்குப் போன் போட்டேன். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுண்ணா. எத்தினாம் தேதி வேல?"

"பொங்கலன்னிக்கு."

"நல்ல நாளாத்தான் பாத்திருக்கானுங்க. முழுசா தூங்கறதுதான?"

"ஆமாம்டா. செல்வம், ஸ்பீக்கர எடுத்துட்டு காதுல வெச்சிக்க. உங்கிட்ட ஒண்ணு பேசணும்."

"கையெல்லாம் கிரீஸுண்ணா. சும்மா சொல்லு, இங்க யாரும் இல்ல. டீ வாங்கப் போயிருக்கறான் டிரைவரு."

"பரவால்ல, தொடச்சிக்கினு எடு."

கம்ப்ரஸரை நிறுத்தினான். துணியில் கை துடைக்கும் சத்தம், பாலித்தீன் கசங்கும் சத்தம். பிறகு அவன் மூச்சு என் காதுக்குள் கேட்டது. இத்தனை வருடத்தில் அவன் குரலை நான் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

"இன்னாண்ணா, டாக்டர் எதனா சொல்லிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல." தயாரித்து வைத்திருந்த இரண்டு நகைச்சுவைகளும் மறந்துவிட்டன. "அப்பாவுக்கு நெஞ்சு படபடன்னு இருக்குது, புதுச்சேரிக்குக் கூட்டிக்கினு போவட்டான்னு நீ கேட்ட. நான்தான் வேணாம்னேன். பொங்கலுக்கு வர்றேன்னேன், வரல. ஆஸ்பத்திரியில மாமா உன்னப் பேசும்போது வாயத் தொறக்காத நின்னேன். இத்தினி வருஷம் உன்மேல பழிய விட்டுட்டு நல்லவனா இருந்துட்டேன்டா. மாமாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன், எல்லாருகிட்டயும் சொல்றேன்."

நெடுஞ்சாலையில் ஒரு பஸ் போனது.

"வயசானவங்க கவனிக்கணும்னு எதனா சொல்லுவாங்கன்னு வேற சொன்னேன் பாரு" என்றேன். "நல்லவேள, அத நீ ஒருத்தன்தான் கேட்ட. அதுக்காவது உங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அன்னிக்கும் போனு ஸ்பீக்கர்லதாண்ணா இருந்துச்சு, அப்பா பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தாரு."